டென்மார்க்குக் கொடிக்கு முந்தானை வைத்தவர்கள்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்கிறாள் என் மகள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆகையால் சூட்டோடுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படியுங்கள்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். மிச்சத்தை எல்லாம் மளிகைக் கடைப் பொட்டலத்திலும், சங்கத்துச் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பிலும், பஸ் ஸ்டாண்டு போர்டுகளிலும் நானாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல் எனக்கு மறக்காது. நல்லதைச் சொன்னாலும் மறக்காது, கெட்டதைச் சொன்னாலும் மறக்காது. இதில் வருகிற பேச்சு எல்லாம் அப்படி என் காதில் தங்கிப்போனவைதான்.

அறுபதுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு, வீட்டுக்குள் ஒரு தறி. நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் அட்டை இருந்தால்தான் பாவும், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழையும், பட்டும் கிடைக்கும். எங்கள் அட்டை என் கணவர் பெயரில் இருந்தது. அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் பண்ணி அது சரியாக வராமல், பார்வை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவர் பெயரில் நெய்தது நான். தெருவுக்குத் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போகும்போது அவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போவேன். எழுத்தர் மேஜைக்கு முன்னால் நின்று அவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து மாதத்துக்கு மாதம் கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

அந்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. தறி தறியாகப் போய்ப் பார்க்கப்போகிறார்கள், உறுப்பினர் தன் கையால் நெய்யாவிட்டால் அட்டை ரத்து. தை பிறப்பதற்குள் அட்டையை என் பெயருக்கு மாற்றவில்லை என்றால் எங்கள் தறிக்குப் பாவு வராது. பாவு வராத தறியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, துணி காயப் போடுவதா? இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சங்கத் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"பொம்பளைக்குக் கார்டா? இன்னாம்மா நீ, விளையாடறியா?" என்றார்.

"பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு விதியில எங்க எழுதியிருக்குது, காட்டுங்க."

"விதி கெடக்கட்டும்மா. உன் வீட்டுக்காரரு நெய்யறாரு, நீ பக்கத்துல குந்திக்கினு நாடா வாங்கிப் போடற. அத்தப் போயி நெசவுங்கற. கோர்வை, பிட்னி எல்லாம் உன்னால ஆவுமா?"

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாடா என்றால் ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகிற ஓடம். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் குறுக்கே ஓடுகிற இரண்டு நிற ஊடையும் கரையோரத்தில் ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்க வேண்டும். அது கோர்வை. உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம் என்றால், பழைய பாவின் ஒவ்வோர் இழையிலும் புதிய பாவின் இழையை மாட்டிக்கொண்டே வர வேண்டும். அது பிட்னி. நாளெல்லாம் குனிந்து மாட்டினால் கழுத்து கழுத்தாக இருக்காது. இதை எல்லாம் யார் செய்தது என்று நினைத்துக்கொண்டு இந்த மனுஷர் இரண்டு வருஷமாக எங்கள் புடவையை வாங்கி உள்ளே வைத்தார்? கண் தெரியாத ஒருவர் பிட்னி மாட்டினார் என்றா?

"செஞ்சி காட்டினா கார்டு குடுப்பீங்களா?" என்றேன்.

"செஞ்சி காட்டு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பத்து நாள் போயிருக்கும். எழுத்தர் ஒரு காகிதத்தையும் ஒரு வேலையையும் கொண்டுவந்தார். வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு பங்களாவில் டென்மார்க்கு நாட்டுக்காரர் ஒருவர் குடியிருந்தார். கிணறு தோண்டுகிற மிஷினோடு வந்த இன்ஜினியர். அவருக்கு ஐம்பது வயது முடியப்போகிறது, அன்றைக்கு அவர்கள் நாட்டுக் கொடியைக் காஞ்சிபுரம் பட்டில் நெய்து கொடுக்க வேண்டும் என்று அவர் மனைவிக்கு ஆசை. சங்கத்தில் வந்து கேட்டிருக்கிறார். தலைவர் அந்த வேலையைத் தன் மருமகனுக்குத்தான் முதலில் கொடுத்தார். மருமகன் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, சரிகையும் இல்லை, பூவும் இல்லை, ஒரு சின்னத் துணிக்கு இரண்டு பிட்னி, எவன் செய்வான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம். எவனும் செய்ய மாட்டான் என்ற பிறகுதான் அது என்னிடம் வந்தது.

அந்த அம்மா எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் தாளை ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் தமிழில் எழுதியிருந்தார். நான் அதை உரக்கப் படித்தேன். என் கணவர் கேட்டார், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரியும் கேட்டாள். அவளும் தறிக்காரிதான். நான் அவளை வதினா, அதாவது தெலுங்கில் அண்ணி, என்பேன், அவளும் என்னை வதினா என்பாள். யார் அண்ணனை யார் கட்டியது என்று யாரும் கேட்டதில்லை.

கொடி இதுதான்: சிவப்புத் துணியில் ஒரு வெள்ளைச் சிலுவை. சிலுவை நடுவில் இல்லை. கழியின் பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. கழியை ஒட்டின இரண்டு சிவப்புக் கட்டமும் சதுரம், பறக்கிற பக்கத்துக் கட்டம் இரண்டும் நீளம். உயரத்துக்கு மூன்று பங்கு சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை, மூன்று பங்கு சிவப்பு. நீளத்துக்கு மூன்று, ஒன்று, நாலரை. எங்கள் தறிக்கு நான் இப்படிப் பிரித்தேன்: பதினெட்டு அங்குலம், ஆறு அங்குலம், பதினெட்டு அங்குலம். நீளவாக்கில் பதினெட்டு, ஆறு, இருபத்தேழு.

"நடுவுல வெக்காம ஏன் ஒதுக்கி வெச்சிருக்குது?" என்று என் கணவர் கேட்டார்.

அதற்கும் தாளில் எழுதியிருந்தது. காற்றில் நீளப் பக்கம் மடிந்து சுருளும், அப்போது பார்க்கிறவர் கண்ணுக்குச் சிலுவை நடுவில் இருப்பது போலத் தெரியும் என்று சிலர் சொல்வார்களாம். பக்கத்து நாட்டுக்காரர்கள் எல்லாரும் இந்த ஒதுங்கின சிலுவையையே எடுத்துக்கொண்டார்களாம். சுவீடனுக்கு நீலத்தில் மஞ்சள். பின்லாந்துக்கு வெள்ளையில் நீலம். நார்வே பல நூறு வருஷம் டென்மார்க்கு ராஜாவின் கையில் இருந்த நாடு. டென்மார்க்குக் கொடியையே எடுத்து, வெள்ளைச் சிலுவைக்குள் ஒரு நீலச் சிலுவையை வைத்துத் தன் கொடியாக ஆக்கிக்கொண்டது. ஐஸ்லாந்து அதையே திருப்பிப் போட்டு, நீலத்தில் வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்பு என்று வைத்தது.

"பாவு எல்லாருக்கும் ஒண்ணே, சாயப்பட்டறைதான் வேறன்னு சொல்லு" என்றாள் வதினா. "நீலத்த உள்ள வெச்சாளே, அவ ரோஷக்காரி."

டென்மார்க்கில் ராஜாவின் கொடிக்கும் சர்க்கார் கொடிக்கும் நுனியில் இரண்டு வால் உண்டாம். வால் இல்லாத கொடியை எந்தக் குடிமகனும் தன் வீட்டில் ஏற்றலாம். பிறந்த நாளுக்கு ஏற்றுவார்கள், கல்யாணத்துக்கு ஏற்றுவார்கள்.

"பொறந்த நாளுக்குக் கொடியா? இங்க ஏத்திப் பாரு, போலீஸ்காரன் வந்து கேக்கு சாப்ட்டுட்டுப் போவானா?" என்று என் கணவர் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

அந்தக் கொடிக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர். அதற்கு 'டேனியர் துணி' என்று அர்த்தமாம். துணி! எனக்கு அது பிடித்துப்போயிற்று. ராஜாவும் சண்டையும் சிலுவையும் எல்லாம் அப்புறம், முதலில் அது துணி. அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, தறியைத் தொட்டவராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு அடுத்த வரி என் நினைப்பில் மண்ணைப் போட்டது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எஸ்டோனியா என்கிற தேசத்தில் சண்டை. டென்மார்க்குப் படை தோற்கப்போகிற நேரம். அப்போது இந்தக் கொடி வானத்திலிருந்து விழுந்ததாம். தரையைத் தொடுவதற்குள் பிடித்துக்கொண்டார்களாம், ஜெயித்துவிட்டார்களாம்.

"வானத்திலயா? அங்க யாரு தறி போட்டாங்க?" என்றாள் வதினா.

வதினா வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்கு வேடிக்கையாக இல்லை. நன்றாக இருக்கிறது கதை! ராஜாவுக்கு வெற்றி, படைக்குப் புகழ், தேசத்துக்குக் கொடி. நெய்தவளுக்கு மட்டும் ஊரும் இல்லை, பேரும் இல்லை. வானத்திலிருந்து விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம் பார்.

பாவு போட்டோம். கரை என்றால் ஓரத்தில் இருக்கும். இதில் வெள்ளைக் கரை நட்டநடுவில் ஓடியது, இரண்டு பக்கமும் சிவப்பு. சிவப்பு நாடா, வெள்ளை நாடா, மறுபடி சிவப்பு நாடா. இரண்டு இடத்தில் கோர்வை கவ்வ வேண்டும். வதினா தன் தறியை நிறுத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். தெருவில் போன ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னாடி வெள்ளையப் பாவுல ஏத்தியிருக்கறே, யாருக்குக் கோடி போடப் போற?" என்றாள். கோடி என்றால் எங்கள் பக்கம் சாவுக்குப் போடுகிற துணி. வதினா தலையைத் தூக்காமலே, "உனக்குத்தான், அளவு குடுத்துட்டுப் போ" என்றாள்.

பழக்கத்தில் நீளப் பக்கத்தை முதலில் நெய்தேன், புடவைக்கு உடல் நெய்வது போல. பிறகு முதல் பிட்னி. சிவப்பு இழை ஒவ்வொன்றிலும் வெள்ளை இழை. மூன்று நாள் ஆயிற்று. ஆறு அங்குலம் வெள்ளை நெய்து முடித்ததும் மறுபடி பிட்னி, வெள்ளை இழை ஒவ்வொன்றிலும் சிவப்பு. இன்னும் மூன்று நாள். கடைசியாகச் சின்னப் பக்கம் பதினெட்டு அங்குலம். அறுத்து இறக்கின அன்று காலையில் என் கணவர் துணியை மடியில் போட்டுக்கொண்டு, பிட்னி விழுந்த கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. எங்கேயாவது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை.

"நான் இப்பிடிப் போட்டதில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். ஆனால் சங்கத்துக்குப் போதாதே.

சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் மேஜையில் விரித்துப் பார்த்தார். நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை. பதினெட்டு அங்குலச் சின்னப் பக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "முந்தானை நல்லா வந்துக்குது" என்றார். பிறகு எழுத்தரிடம், "இந்தாண்ட நீளப் பக்கத்துல கழி நுழையறதுக்குப் பட்டி தைக்கச் சொல்லு. முந்தானை பறக்கட்டும்" என்றார்.

"ஐயா, அது முந்தானை இல்ல. கழி இருக்க வேண்டியது சின்னப் பக்கந்தான். தாள்ல எழுதியிருக்குது."

"ஏம்மா, நான் எத்தினி வருசமா புடவை விக்கறேன் தெரியுமா? பிட்னி போட்டு முடிச்ச பக்கம் முந்தானை. முந்தானையைக் கொண்டுபோயி எவளாவது கழியில சுத்துவாளா?"

"இது புடவை இல்லீங்க, கொடி."

"பட்டு பட்டுதாம்மா. போ, வேலையப் பாரு."

"தாளைப் படிச்சிப் பாருங்க."

"நீ எனக்குப் படிச்சிக் காட்டற அளவுக்கு வந்துட்டியா?" என்றார். மருமகன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான். எழுத்தரிடம் திரும்பினேன். அவர் பேனாவுக்கு மை போடுவதிலேயே கண்ணாக இருந்தார். பத்து விரலும் தேய்ந்த என் வேலையைத் தலைகீழாக்க ஒரு தையல்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். நான் படி இறங்கி வந்தேன். வழியெல்லாம் என்ன பேசிக்கொண்டு வந்தேனோ, கடைக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

சங்கத்துப் பொதுக்கூட்டம் நடக்கிற அன்றைக்கே கொடியைக் கொடுப்பது என்று வைத்திருந்தார்கள். காலை பத்து மணி. உறுப்பினர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள், என் கணவரும் அதில் ஒருவர். பெண்கள் உறுப்பினர் இல்லை அல்லவா, நானும் வதினாவும் வாசல்படியில் நின்றோம். டென்மார்க்கு அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் சிவந்த முகம், பருத்திப் புடவை, தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாத்தியார், பேச்சை மாற்றிச் சொல்ல.

மருமகன் கழுத்தில் மாலையோடு வந்தான். கையில் நீளமான மூங்கில் கழி, அதில் கொடி சுற்றியிருந்தது. அவன்தான் நெய்தவன் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மாலையைப் போட்டார்கள், கழியைக் கையில் கொடுத்தார்கள், போட்டோக்காரருக்கு நேராக நிறுத்தினார்கள். பொய் சொல்வதற்கு வாய் எதற்கு?

அந்த அம்மா ஏதோ கேட்டார். வாத்தியார் தமிழில் சொன்னார்: "இதை நெய்தவரின் கையைப் பிடித்து நன்றி சொல்ல ஆசைப்படுகிறார். யார் என்று கேட்கிறார்."

நான் தலைவரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க கொடி வானத்துலருந்து வுழுந்துச்சின்னு எழுதிக் குடுத்தீங்களே. இதுவும் அப்பிடித்தான்னு வெச்சிக்கங்கம்மா. எங்க சங்கத்துலருந்து வுழுந்துச்சி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜமுக்காளத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, என் கணவர். அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் சரியாக வாசலைப் பார்த்துத்தான் திரும்பினார். வதினா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாளைப் படித்திருக்கிறார் இந்த மனுஷர்! பட்டி எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் படிக்கவில்லை. என்னை இல்லாமலாக்க எந்த வரி உதவுமோ அதை மட்டும் படித்து வைத்திருக்கிறார்.

கொடியை விரித்தார்கள். போட்டோ பளிச்சென்று அடித்தது. மருமகன் கழியை நேராகப் பிடித்தான். சிலுவை கழியை விட்டுத் தள்ளிப் போய், பறக்கிற நுனிப் பக்கம் ஒண்டிக்கொண்டு நின்றது.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுபோயிற்று. வாத்தியாரின் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "மன்னிக்க வேண்டும் என்கிறார். வேலை மிகவும் அழகு. ஆனால் கொடி திரும்பியிருக்கிறது. இப்படி ஏற்ற முடியாது என்கிறார். நாளைக்கே பிறந்த நாள் என்கிறார்."

மருமகன் கழியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டான், அது வேறு யாருடையதோ போல. தலைவர் எழுந்து நின்றார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"அது பாருங்கம்மா, மாப்ள நெய்யலீங்க இத்த. அவனுக்கு வேற வேலை. ஒரு பொம்பளைகிட்டக் குடுத்துட்டோம், அதான் இப்பிடி ஆயிப்போச்சி. தோ நிக்குது பாருங்க வாசல்ல, அந்தம்மாதான் நெய்தது. ஆதியிலருந்து அந்தம் வரைக்கும் அந்தம்மா ஒருத்தியே."

புகழ் இருந்த வரைக்கும் வானம் நெய்தது. தப்பு என்று வந்ததும் ஒரு நொடியில் எனக்குக் கை முளைத்துவிட்டது, கால் முளைத்துவிட்டது, வாசலில் நிற்கிறேன் என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது! இன்றைக்கும் அந்த நொடியை நினைத்தால் எனக்குக் காது அடைக்கும்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். மருமகனின் கையிலிருந்து கழியை வாங்கிக் கொடியை உருவினேன். வதினா பின்னாலேயே வந்தாள். தறிக்காரி இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி இருக்கும், அவள் எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே பட்டியின் தையலைப் பிரித்தேன். துணியைத் தரையில் விட வேண்டாம் என்று அந்த அம்மாவும் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பக்கத்தில் பட்டியை வைத்து வதினா பெரிய பெரிய தையலாக ஓட்டினாள். கழியை நுழைத்துத் தூக்கினேன். சிலுவை கழியின் பக்கத்தில் வந்து நின்றது, தன் இடம் தெரிந்த மாதிரி.

அந்த அம்மா கை தட்டினார். கூட்டமும் தட்டியது. நான் தட்டச் சொல்லி வரவில்லை.

"எழுத்தரே, தீர்மானப் புத்தகத்த எடுங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"தலைவரு இப்பச் சொன்னாரே, ஆதியிலருந்து அந்தம் வரைக்கும் ஒருத்தியே நெய்ததுன்னு. அத்த எழுதுங்க. ரெண்டு கோர்வை, ரெண்டு பிட்னி. எழுதுங்க."

தலைவர், "கூட்டத்துக்கு நடுவுல இன்னாம்மா இது, விருந்தாளி வந்துக்கிறாங்க" என்றார்.

"தப்புன்னு சொல்லும்போது விருந்தாளி இல்லீங்களா? பட்டி தெச்சது நீங்க. சின்னப் பக்கந்தான் கழிக்குன்னு நான் சொன்னதுக்கு எழுத்தரு சாட்சி. ஏன் எழுத்தரே, மை போட்டு ஆச்சா?"

எழுத்தர் புத்தகத்தை எடுத்துவிட்டார். அப்போது என் கணவர் ஜமுக்காளத்திலிருந்து எழுந்தார். தட்டுத் தடுமாறி நின்று, "நான் உறுப்பினரு, பேசலாமா?" என்று கேட்டார். "எனக்குக் கண்ணு போயி ரெண்டு வருசம். இந்த ரெண்டு வருசத்துல நான் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன். அதுவும் நேரா போடல. என் கார்ட அவ பேருக்கு மாத்திக் குடுங்க. இல்லன்னா ரெண்டு வருசமா வாங்கின புடவையெல்லாம் யாரு நெய்ததுன்னு எழுதி வைங்க."

அவருக்கு அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நெசவு செய்கிறவர்களுக்குத் தெரியும். இத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று, நான் நெய்யவில்லை என்று சொல்வது. அதைச் சொல்ல வைத்ததற்காகவும் எனக்குத் தலைவர் மேல் கோபம்.

பின்னாலிருந்து ஒருவர், "மாத்திக் குடுத்துடுங்க தலைவரே, எங்க வீட்லயும் அதான் கதை" என்றார். இன்னொருவர் அவரை உட்காரச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தார். தலைவர், "இன்னிக்கி ஒண்ணு குடுத்தா நாளைக்கி ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் வரிசைல நிப்பாங்க" என்றார்.

"நிக்கட்டுமே, உங்களுக்குக் கால் வலிக்குதா?" என்றாள் வதினா.

எழுதினார்கள். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். பாதிப் பேர் அந்த அம்மா பார்க்கிறாரே என்று தூக்கினார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அட்டை வர இருபது நாள் ஆயிற்று. தைக்கு இன்னும் நாள் இருந்தது. நானும் அவரும் போனோம். எழுத்தர் மேஜை மேல் வைத்தார். என் பெயர் இருந்தது, தறி எண் இருந்தது. கீழே ஒரு வரி: 'கணவர் பார்வையிழந்ததை முன்னிட்டுக் கருணை அடிப்படையில் வழங்கப்பட்டது.'

கருணை! ஆறு நாள் குனிந்து பிட்னி மாட்டியிருக்கிறேன். வாசலில் நின்று பேச்சு வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரரை நாலு பேர் முன்னால் நிற்க வைத்திருக்கிறேன். அதற்குப் பெயர் இவர்கள் ஊரில் கருணையாம். பிச்சை போட்டோம் என்று எழுதி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"இந்த வரிய அடிங்க" என்றேன்.

"அடிச்சா கார்டு செல்லாதும்மா."

"அப்ப வேற எழுதுங்க."

"எழுதி இன்னாம்மா ஆவப்போவுது? பாவு வரும் இல்ல? வாங்கிக்கினு போம்மா."

என் கணவர் என் கையைத் தொட்டார். வாங்கிக்கொள் என்கிறாரா, விடாதே என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவரும் உட்கார்ந்தார். புடவை கொடுக்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். எழுத்தர் இரண்டு தடவை டீ குடித்தார். தலைவர் உள்ளே போகும்போது ஒரு தடவை பார்த்தார், வெளியே வரும்போது ஒரு தடவை பார்த்தார். மருமகனும் கொடியும் இருக்கிற போட்டோவைச் சட்டம் போட்டு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதில் சிலுவை தப்பான பக்கத்தில்தான் இருந்தது. யாருக்கும் அது உறுத்தவில்லை.

சாயங்காலம் கதவை மூடுகிற நேரத்துக்கு எழுத்தர் அலமாரியைத் திறந்து புது அட்டை ஒன்றை எடுத்தார். "இன்னான்னு எழுதணும், சொல்லித் தொலைம்மா" என்றார்.

"நெசவாளி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், கோட்டுக்கு மேலே, நேராக. அடுத்த பாவை அங்கேயே கேட்டு வாங்கினேன். எடுத்துத் தர முணுமுணுத்தார்கள். எடுத்துத் தந்த பிறகுதான் பெஞ்சை விட்டு எழுந்தேன்.